பூசணத்தைக் கணக்கெடுப்பது எப்படி? – டெல்லி வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தீவிர சிகிச்சைப் பிரிவுத் தொற்றுகள் பற்றி எழுதியபோது பூஞ்சைக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கினோம். அது போதாது என்று டெல்லி வாசகர்கள் கடிதம்மேல் கடிதமாக எழுதிவிட்டார்கள். நுண்ணுயிரியல் மருத்துவர் ஒருவரும் நோய்ப்பரவலியல் ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: என் மகள் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் முடித்து, 'ஊடுருவும் பூஞ்சைத் தொற்றுகளின் நோய்ப்பரவலியல்' என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். ஆறு மாதமாகப் பழைய ரெஜிஸ்டர்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லையாம். இதுவா ஆராய்ச்சி? – வாசகி, கரோல் பாக்

பதில்: இதுதான் அம்மா. மைக்ராஸ்கோப் வேலையை வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் கண்டதை நம்பத்தகுந்த எண்ணாக மாற்றுவது உங்கள் மகளின் வேலை. இரண்டில் எது கடினம் என்று கேட்டால் நாங்கள் இரண்டாவதைத்தான் சொல்வோம்.

படர்தாமரையும் பொடுகும் தோலோடு நின்றுவிடும். ரத்தம், நுரையீரல், மூளை, சைனஸ் எலும்பு என்று உள்ளே இறங்கிவிட்ட பூஞ்சையைத்தான் ஊடுருவும் தொற்று என்கிறோம். டெங்குவுக்குச் செய்வதுபோல ஒரு துளி ரத்தத்தில் 'உண்டு, இல்லை' என்று முடித்துவிட முடியாது. உடலின் ஆழத்தில் கேண்டிடா என்ற பூஞ்சை பரவியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத்தான் ரத்த கல்ச்சரில் அது வளரும். பீட்டா-டி-குளூக்கன் என்ற ரத்தப் பரிசோதனை, 'கருப்புப் பூஞ்சை' எனப்படும் மியூக்கர் வகையைக் காட்டவே காட்டாது. ஆகவே எந்த ஒரு ரெஜிஸ்டரும் முழுக் கணக்கைத் தராது. லேபின் கல்ச்சர் பதிவேடு, பயாப்ஸி பதிவேடு, சைனஸ் அறுவை செய்த ஆபரேஷன் தியேட்டர் பட்டியல், ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து வழங்கிய பார்மசி பதிவேடு ஆகிய நான்கையாவது ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். பார்மசி பதிவேட்டை எல்லோரும் மறப்பார்கள். கல்ச்சரில் எதுவும் வளராமலேயே சிகிச்சை பெற்றவர்கள் அங்கேதான் அகப்படுவார்கள்.

இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டால், இரண்டிலும் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்றுகூட ஊகிக்கலாம். ஒரு கற்பனைக் கணக்கு: கல்ச்சர் பதிவேட்டில் 40 பேர், பயாப்ஸி பதிவேட்டில் 50 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 20 பேர். 40ஐ 50ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 100. கையில் இருக்கும் பெயர்களோ 70தான். ஆக, 30 பேர் இரண்டு வலையிலும் சிக்கவில்லை. குளத்து மீனைப் பிடித்து, அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை வீசி எண்ணும் அதே உத்திதான். ஒரு பொறி உண்டு. ஒரே சர்ஜன் எப்போதும் இரண்டு லேபுக்கும் சேர்த்தே சாம்பிள் அனுப்புகிறவராக இருந்தால், இரண்டிலும் வரும் பெயர்கள் தேவைக்கு மேல் கூடிவிடும். கிடைக்கும் மொத்தம் உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

அடுத்தது தரம் பிரிப்பது. ஐரோப்பிய, அமெரிக்க நிபுணர் குழுக்கள் சேர்ந்து வகுத்து, 2020இல் திருத்திய வரையறையில் 'உறுதியானது', 'பெரும்பாலும் அதுவே', 'இருக்கலாம்' என்று மூன்று படிகள் உண்டு. திசுவில் பூஞ்சை இழையைக் கண்ணால் பார்த்தால் உறுதி. எதிர்ப்புச் சக்தி குறைந்ததற்கான காரணம், ஸ்கேனில் அறிகுறி, லேப் ஆதாரம் மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் படி. லேப் ஆதாரம் இல்லையென்றால் மூன்றாம் படி. இந்த வரையறை ரத்தப் புற்றுநோயாளிகளையும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன் காரணப் பட்டியலில் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 2016–17இல் நம் நாட்டின் 12 மையங்கள் சேர்ந்து பார்த்த 465 மியூக்கர் நோயாளிகளில் 73.5 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள். அந்தப் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்தால், பயாப்ஸி எடுக்க முடியாத சர்க்கரை நோயாளி எந்தப் படியிலும் ஏறமாட்டார்; கணக்கிலிருந்தே காணாமல் போவார். உங்கள் மகளின் திட்டம் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த விதியை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம், சளியிலும் சிறுநீரிலும் வளர்ந்த கேண்டிடாவை 'ஊடுருவும் தொற்று' என்று எழுதிவிடுவது. அது பெரும்பாலும் சும்மா குடியிருப்பதுதான். ரத்தத்தில் வந்தால் மட்டும், ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்திருந்தாலும், தற்செயலாகக் கலந்தது என்று தள்ளக் கூடாது. அடுத்த தவறு, ஒரே நோயாளியின் ஐந்து பாசிட்டிவ் ரிப்போர்ட்டை ஐந்து நோயாளிகளாக எண்ணுவது. 30 நாளுக்குள் அதே பூஞ்சை திரும்ப வந்தால் அதே நோய்ப்படலம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். தேதியிலும் கவனம் வேண்டும். ரிப்போர்ட் வந்த தேதியைப் போட்டால், ஐ.சி.யூ.வுக்கு வருமுன்பே தொற்று இருந்தவர்கூட 'ஐ.சி.யூ.வில் தொற்றியவர்' ஆகிவிடுவார். சாம்பிள் எடுத்த தேதிதான் கணக்கு.

கேள்வி: 2021இல் கருப்புப் பூஞ்சை நோயாளிகள் 45 ஆயிரம் என்றார்கள். வருஷத்துக்கு இரண்டு லட்சம் என்று வேறொரு இடத்தில் படித்தேன். எது சரி? – வாசகர், மயூர் விஹார்

பதில்: இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடை. 2021 மே மாதத்தில், இந்த நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகு மருத்துவமனைகள் எழுதி அனுப்பிய பெயர்களின் கூட்டுத்தொகைதான் அந்த 45 ஆயிரம். அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. யாரோ பார்த்து, யாரோ படிவம் நிரப்பியதால் வந்த எண் அது. படிவம் நிரப்பாத இடத்து நோயாளி அதில் இல்லை.

இரண்டு லட்சம் என்பது கணித மாதிரியிலிருந்து வந்தது. கோவிட்டுக்கு முன்பே, 10 லட்சம் மக்களுக்குச் சுமார் 140 பேர் என்று நம் நாட்டுக்கு ஒரு மதிப்பீடு வெளியாகியிருந்தது. 140 கோடியோடு பெருக்கிப் பாருங்கள், 1,96,000 வரும். வளர்ந்த நாடுகளில் சொல்லப்படும் விகிதத்தைவிட இது சுமார் 70 மடங்கு. மாதிரியில் எங்கேனும் ஓர் ஊகம் சற்று மாறினாலும் ஆயிரக்கணக்கில் எண் மாறும். ஆகவே அதைத் தலையெண்ணிக்கையாகப் படிக்காமல், சுமையின் அளவு எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கான அடையாளமாகப் படிக்க வேண்டும்.

எங்களுக்கு இந்த இரண்டையும்விட முக்கியமாகப் படுவது மூன்றாவது ஓர் எண். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 16 மையங்கள் கவனமாகச் சேர்த்த கணக்கில் 287 மியூக்கர் நோயாளிகள். அவர்களில் 187 பேருக்குக் கோவிட். முந்தைய ஆண்டின் இதே மாதங்களோடு ஒப்பிட்டால் 2.1 மடங்கு. டெல்டா அலை வருவதற்கு மாதங்களுக்கு முன்பே எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. முந்தைய ஆண்டின் கணக்கும் கையில் இருந்ததால்தான் அது மணி என்றே தெரிந்தது.

இன்னொன்று: 'கருப்புப் பூஞ்சை' என்பது தவறான பெயர். மியூக்கர் கருப்பல்ல. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடுவதால் செத்துப்போன திசுதான் கருப்பாகத் தெரிகிறது. உண்மையிலேயே கரும்பழுப்பு நிறமுள்ள பூஞ்சைகள் வேறு இருக்கின்றன. மூளையில் சீழ்க்கட்டி உண்டாக்கும் கிளாடோஃபியலோஃபோரா பாண்டியானா அவற்றில் ஒன்று. பதிவேட்டில் 'கருப்புப் பூஞ்சை' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வரியால் பயனில்லை. மியூக்கர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது.

கேள்வி: சைனஸ் திசு சாம்பிளில் எங்கள் லேபில் ஒன்றும் தெரிவதில்லை, வளர்வதும் இல்லை. அதே நோயாளிக்குப் பயாப்ஸியில் மியூக்கர் என்று வருகிறது. டாக்டர்கள் எங்களைத்தான் குறை சொல்கிறார்கள். எங்கே தப்பு? – லேப் டெக்னீஷியன், ரோஹிணி

பதில்: பாதித் தப்பு, சாம்பிள் உங்கள் மேசைக்கு வருமுன்பே நடந்திருக்கும். வந்த டப்பாவை முதலில் மோந்து பாருங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு (நிஜமாக மோந்துவிடாதீர்கள்). ஃபார்மலினில் போட்டு வந்த திசுவில் எதுவும் வளராது. தியேட்டரிலேயே இரண்டு டப்பா இருக்க வேண்டும்: பயாப்ஸிக்கு ஃபார்மலின், உங்களுக்கு ஸ்டெரைல் சலைன். சலைனும் திசு காயாமல் இருக்கும் அளவுக்குப் போதும், மிதக்க வேண்டாம். மூக்கில் குச்சியால் துடைத்த ஸ்வாபை ஏற்காதீர்கள். அதில் எதிர்மறையாக வந்தால் பொருளில்லை, நேர்மறையாக வந்தாலும் காற்றில் வந்த வித்தா, நோயா என்று தெரியாது. செத்த திசுவின் ஓரத்திலிருந்து எடுத்த துண்டு வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. குளிரில் மியூக்கர் இழைகள் செத்துவிடும். அறை வெப்பத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்.

மீதித் தப்பு உரலில் இருக்கிறது. காசநோய் சாம்பிளை அரைக்கும் பழக்கத்தில் இதையும் அரைத்துவிடுகிறார்கள். மியூக்கரின் இழை தடுப்புச் சுவர் அதிகம் இல்லாத நீளக் குழாய். நசுக்கினால் உள்ளே இருப்பது வழிந்து இழையே செத்துப்போகும். ஸ்கால்பெல்லால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அப்படியே மீடியத்தின் மேல் அழுத்தி வையுங்கள். பூஞ்சை வளர்க்கும் சபரோ அகார் மீடியத்தில், பாக்டீரியாவைத் தடுக்கும் குளோரம்பெனிகால் இருக்கலாம். சைக்ளோஹெக்ஸிமைடு இருக்கக் கூடாது. தோல் பூஞ்சைக்கென்று வாங்கிய மீடியத்தில் அது கலந்திருக்கும், அது மியூக்கரையும் தடுத்துவிடும். பாட்டில் லேபிளைப் படியுங்கள். 37 டிகிரியில் ஒன்று, 25–30 டிகிரியில் ஒன்று. மியூக்கர் வகைகளில் ஒன்றான ரைசோபஸ் என்றால் ஒன்றிரண்டு நாளில் தட்டின் மூடியைத் தொடும் அளவுக்குப் பஞ்சுபோல் எழும்பும்.

நேரடிப் பரிசோதனைக்கு, திசு தடிமனாக இருந்தால் 20 சதவீத கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு) போட்டு இருபது நிமிடமாவது பொறுங்கள். அவசரப்பட்டுப் பார்த்தால் திசு கரைந்திருக்காது, இழை மறைந்திருக்கும். ஃப்ளோரசென்ஸ் மைக்ராஸ்கோப் இருந்தால் கால்கோஃப்ளோர் ஒயிட் சாயம் சேருங்கள், ஒரு ரிப்பன் இழை மட்டும் இருந்தாலும் பளிச்சென்று தெரியும். அகலமான, சுருண்டு மடங்கிய, தடுப்புச் சுவர் அதிகமில்லாத இழை, ஏறக்குறையச் செங்கோணத்தில் கிளை என்றால் அந்த நிமிடமே வார்டுக்குப் போன் செய்யுங்கள். கல்ச்சர் வரட்டும் என்று காத்திருப்பது நோயாளிக்கு ஆபத்து.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் திசுவில் மியூக்கர் தெரிந்தவர்களில் பலருக்குக் கல்ச்சர் வளராது. இனி உங்களைக் குறை சொல்லும் டாக்டரிடம் முதலில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளிக்கு கேண்டிடா ஆரிஸ் என்று வந்திருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அக்குள் ஸ்வாப் எடுக்கச் சொல்கிறார்கள். சாதாரணக் கேண்டிடாவுக்கு இப்படிச் செய்ததில்லையே? – நர்சிங் ஆபீசர், முனிர்கா

பதில்: சாதாரணக் கேண்டிடா பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்து வருவது. ஆரிஸ் பக்கத்துப் படுக்கையிலிருந்து வருவது. தோலில் ஒட்டிக்கொள்ளும், கட்டில் கம்பியில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே இது பூஞ்சை என்றாலும் இதைத் தடுக்கும் முறை மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவைத் தடுப்பது போன்றது.

2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதலில் பெயரிட்டார்கள். 'ஆரிஸ்' என்றால் லத்தீனில் காதினுடையது. நம் நாட்டில் முதலில் பதிவானது இதே டெல்லியில்தான்: 2009–11 காலத்தில் இரண்டு மருத்துவமனைகளின் 12 நோயாளிகள், 2013இல் வெளியான ஆய்வு. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஒருவருக்கும் கேட்கவில்லை. கோவிட் முதல் அலையில் டெல்லி ஐ.சி.யூ. ஒன்றில் ரத்தத்தில் கேண்டிடா வந்த 15 பேரில் மூன்றில் இரண்டு பங்கு ஆரிஸ்.

அதற்கு முன்பு இது இல்லாமலா இருந்தது? பழைய தானியங்கிக் கருவிகளின் தரவுத்தளத்தில் ஆரிஸ் என்ற பெயரே இல்லை. கருவி 'கேண்டிடா ஹீமுலோனி' என்று அச்சடித்துக் கொடுத்தது. 2011–12இல் 27 ஐ.சி.யூ.க்களில் சேர்த்த 1,400 ரத்தக் கேண்டிடா நோயாளிகளின் மாதிரிகளைப் பிறகு சரியாகச் சோதித்தபோது 74 பேருக்கு ஆரிஸ் இருந்தது. உங்கள் லேபின் பழைய ரிப்போர்ட்களில் 'ஹீமுலோனி' இருந்தால் அவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லுங்கள். நுண்ணுயிரை இனங்காணும் மால்டி-டாஃப் கருவி, தரவுத்தளம் புதுப்பித்ததாக இருந்தால், சரியாகச் சொல்லும்.

ஸ்வாப் எடுக்கும்போது இரண்டு அக்குள், இரண்டு தொடையிடுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்வாப் போதும். அழுத்தித் தேயுங்கள். பாசிட்டிவ் வந்தவருக்குக் காய்ச்சலோ ரத்தத் தொற்றோ இல்லையென்றால் பூஞ்சை மருந்து தேவையில்லை. தனி அறை, கையுறை, கவுன், அவருக்கென்றே தனி உபகரணங்கள் தேவை. தோலில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கேயும் கிளம்பிவிடும். இந்த ஒரு வரியை எழுதாமல் விடுவது ஏன் இவ்வளவு சகஜம் என்பது எங்களுக்கு இன்னமும் புரியவில்லை.

தரை துடைக்கும் வழக்கமான குவாட்டர்னரி அமோனியம் திரவங்கள் பல இதற்குப் போதாது. ஹைப்போகுளோரைட்டை 1,000 பி.பி.எம். அளவில் கரையுங்கள். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 20 மில்லிக்கு 980 மில்லி தண்ணீர். 10 சதவீதம் என்றால் 10 மில்லிக்கு 990. முதலில் சோப்பு நீரால் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். தினமும் புதிதாகக் கரையுங்கள். டெல்லி ஜூன் வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலின் வீரியம் லேபிளில் இருப்பதைவிடக் குறைவு. கைக்கு வழக்கமான ஆல்கஹால் திரவம் போதும்.

கட்டிலையும் சுவரையும் துடைப்பவர்கள் மறப்பது கையில் எடுத்துப் போகும் சின்னச் சாமான்களை. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நரம்பியல் ஐ.சி.யூ.வில் பரவல் நிற்காமல் போனதன் காரணத்தைத் துருவியபோது, அக்குளில் வைக்கும் மறுபயன்பாட்டு வெப்பமானி முனை அகப்பட்டது. 2018இல் வெளியான ஆய்வு அது. அந்த முனைகளை நீக்கியபின் பரவல் அடங்கியது. உங்கள் வார்டில் பி.பி. கஃப், குளுக்கோமீட்டர், அல்ட்ராசவுண்ட் முனை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: இரண்டு மருத்துவமனைகளின் பூஞ்சைத் தொற்று விகிதத்தை ஒப்பிட்டு ஒரு செய்தி வந்தது. அதை நம்பி மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாமா? – வாசகர், துவாரகா

பதில்: வகுத்தலில் கீழே என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமல் நம்பாதீர்கள். கற்பனையாக இரண்டு ஐ.சி.யூ.க்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் ஆண்டுக்கு 1,200 பேர், சராசரி 5 நாள் தங்குகிறார்கள், 8 பேருக்கு ரத்தத்தில் கேண்டிடா. இரண்டாவதில் 600 பேர், சராசரி 12 நாள், அங்கும் 8 பேர். சேர்க்கப்பட்ட ஆயிரம் பேருக்கு என்று கணக்கிட்டால் முதலாவது 6.7, இரண்டாவது 13.3. இரண்டாவது படுமோசம் என்று தலைப்புப் போடலாம். நோயாளி-நாள் ஆயிரத்துக்கு என்று கணக்கிட்டால் முதலாவது 1.33 (6,000 நாளில் 8), இரண்டாவது 1.11 (7,200 நாளில் 8). தலைப்பு தலைகீழாகிவிட்டது.

கேண்டிடாவுக்கு நாள் கணக்குதான் நியாயம், ஏனென்றால் ரத்தக் குழாயில் போட்ட லைன், ஆன்டிபயாடிக், ரத்தக் குழாய் வழி ஊட்டம் எல்லாம் நாளாக நாளாகச் சேருகின்றன. மேலே சொன்ன 27 ஐ.சி.யூ. ஆய்வில், சேர்ந்து எட்டாவது நாள் வாக்கில்தான் தொற்று தலைகாட்டியது. அந்த ஆய்வின் எண் ஆயிரம் சேர்க்கைக்கு 6.51. அதோடு ஒப்பிட நினைப்பவர் தன் கணக்கையும் சேர்க்கைக்கே போட வேண்டும். இதைத் தவிர, ரத்த கல்ச்சரே அனுப்பாத மருத்துவமனையில் தொற்று விகிதம் பூஜ்யமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு இருபது வருஷ சர்க்கரை. மழைக்காலத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் பூசணம். அவரை வேறு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டுமா? – வாசகி, ஆர்.கே. புரம்

பதில்: வேண்டாம். மியூக்கர் வித்து சுவரில் மட்டுமா இருக்கிறது? மண், காற்று, பழைய ரொட்டி என்று எங்கும் உண்டு. வீடு மாற்றித் தப்ப முடியாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் உடலே பார்த்துக்கொள்ளும். சர்க்கரை எகிறி ரத்தத்தில் அமிலம் கூடும்போது வெள்ளையணுக்கள் சோர்ந்துவிடும், புரதத்தோடு கட்டுண்டிருக்கும் இரும்பும் விடுபடும். அந்த இரும்பு இந்தப் பூஞ்சைக்குத் தீனி. சுவரைவிட அவருடைய எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாத சராசரி சர்க்கரை) ரிப்போர்ட்டைப் பாருங்கள். சுவரைச் சுத்தம் செய்யும்போது அவர் வேறு அறையில் இருக்கட்டும், துடைப்பவர் மாஸ்க் போடட்டும், கசிவை முதலில் அடையுங்கள்.

முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது வீக்கம், கன்னம் மரத்துப்போதல், இரட்டையாகத் தெரிதல், மூக்கில் கருப்பு அல்லது ரத்தம் கலந்த ஒழுக்கு, காரணமின்றி மேல்பல் ஆட்டம், மேலண்ணத்தில் கருந்திட்டு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டர்.

கேள்வி: காளான் சாப்பிட்டால் பூஞ்சைத் தொற்று வருமா? – வாசகர், ஜனக்புரி

பதில்: வராது. இட்லி மாவைப் புளிக்கவைப்பதில் ஈஸ்ட்டுக்கும் பங்குண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கோவிட்டுக்குப் பின் வந்த மியூக்கருக்கு ஆவி பிடித்தது காரணம், துத்தநாக மாத்திரை காரணம், ஆக்ஸிஜன் சிலிண்டர் காரணம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காரணத்தை ஆய்வில் எப்படிப் பிரித்தெடுப்பது? என் ஆய்வேடும் இதே பாணியில் இருப்பதால் கேட்கிறேன். – பொதுச் சுகாதார மாணவர், வடக்கு வளாகம்

பதில்: எல்லாமே 'நோயாளிகளில் இத்தனை பேர் இதைச் செய்திருந்தார்கள்' என்ற வாக்கியத்திலிருந்து பிறந்தவை. 2021 மே மாதத்தில் டெல்லியில் ஆவி பிடிக்காத வீடு எது? நோய் வராதவர்கள் எத்தனை பேர் அதையே செய்தார்கள் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். அந்த 'வராதவர்களை'த் தேர்ந்தெடுப்பதில்தான் ஆய்வு நிற்பதும் விழுவதும்.

நோயாளிகள் பெரிய மருத்துவமனைக்கு நாலு மாநிலத்திலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். ஒப்பீட்டுக்கு அந்த மருத்துவமனை ஊழியர்களையோ வெளிநோயாளிகளையோ எடுத்தால் வசதி, ஊர், மருத்துவ வாய்ப்பு எல்லாம் மாறிவிடும். அதே மாதங்களில், அதே மருத்துவமனைகளில், கோவிட்டுக்காகச் சேர்ந்து மியூக்கர் வராதவர்களை எடுங்கள். அவர்களை எத்தனை வாரம் கவனித்து 'வரவில்லை' என்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். கோவிட்டில் பத்தாம் நாளே இறந்தவருக்கு மியூக்கர் வர நாளே கிடைக்கவில்லை. அவரை 'தப்பியவர்' என்று எண்ணுவது அபத்தம். கோவிட்டுக்குக் கொடுத்த ஸ்டீராய்டைப் பொறுத்தவரை, மியூக்கர் அறிகுறி தொடங்கிய நாளுக்கு முன் கொடுத்த அளவை மட்டும் கூட்டுங்கள். எல்லாவற்றையும் டெக்ஸாமெதாசோன் சமன அளவுக்கு மாற்றுங்கள்: 6 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் ஏறக்குறைய 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். தகவலை நோயாளியின் நினைவிலிருந்து வாங்காதீர்கள். மியூக்கரால் தாடையை இழந்தவர் 'எதனால் இப்படி' என்று நாளெல்லாம் யோசித்தவர், ஒவ்வொரு மாத்திரையும் ஞாபகம் இருக்கும். நலமாக வீடு திரும்பியவருக்கு இருக்காது. மருந்துச் சீட்டும் கேஸ் ஷீட்டும்தான் சாட்சி.

இதைப் பெரிய அளவில் செய்தது, 25 மருத்துவமனைகளில் 1,733 நோயாளிகளையும் 3,911 ஒப்பீட்டு ஆட்களையும் எடுத்த 2021ஆம் ஆண்டுக் காலத்து ஆய்வு. சர்க்கரை நோய்க்கு 6.7, சிறுநீரக மாற்றுக்கு 7.6, கிராமப்புற வசிப்புக்கு 2.9, துத்தநாகத்துக்கு 2.8 என்று வாய்ப்பு விகிதங்கள் வந்தன. ஸ்டீராய்டுக்கு 1.006தான். 'அப்படியானால் ஸ்டீராய்டு குற்றமற்றது' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மற்றவை 'உண்டா, இல்லையா' என்ற கேள்விக்கான விகிதம். இது மருந்தின் அளவு ஓர் அலகு கூடுவதற்கான விகிதம். 100 அலகு கூடினால் 1.006ஐ நூறு முறை பெருக்க வேண்டும், 1.8 வரும். அட்டவணையில் அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அகப்படும் முதல் தவறு.

துத்தநாகத்தைப் பற்றி எங்கள் கருத்து: பூஞ்சை வளர அது வேண்டும் என்பதால் விகிதத்துக்கு ஓர் உயிரியல் விளக்கம் உண்டு. ஆனால் துத்தநாகம் எழுதிக் கொடுத்த அதே கை, ஸ்டீராய்டையும் தாராளமாக எழுதியிருக்கக்கூடும். கணக்கில் சரிக்கட்டினாலும் அந்தக் கையின் நிழல் முழுதாகப் போகாது. உங்கள் ஆய்வேட்டில் 'காரணம்' என்ற சொல்லைத் துத்தநாகத்துக்குப் போடாமல் 'தொடர்பு' என்றே எழுதுங்கள்.

கேள்வி: என் தம்பி எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காக ஒரு மருத்துவமனையில் இருக்கிறான். பக்கத்து பிளாக்கை இடித்துக் கட்டுகிறார்கள். தூசிக்குப் பயப்பட வேண்டுமா? – வாசகர், சாகேத்

பதில்: இந்த விஷயத்தில் பயம் நியாயமானது. இடிபாட்டுத் தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து ஏராளம்; 2–3 மைக்ரான்தான் என்பதால் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். மாற்றுச் சிகிச்சை அறையில் ஹெப்பா வடிகட்டி, மணிக்குக் குறைந்தது 12 முறை காற்று மாற்றம், வெளித் தாழ்வாரத்தைவிட அறைக்குள் சற்றுக் கூடுதல் காற்றழுத்தம் இருக்க வேண்டும். நீங்களே சோதிக்கலாம்: கதவை ஒரு விரல் அளவு திறந்து, இடுக்கில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடியுங்கள். காகிதம் வெளிப்பக்கம் ஆடினால் சரி. உள்பக்கம் இழுத்தால் உடனே நர்சிடம் சொல்லுங்கள். ஜன்னல் மூடியே இருக்கட்டும், கூலர் கூடவே கூடாது, பூங்கொத்தும் தொட்டிச் செடியும் வேண்டாம். ஸ்கேனுக்கு வெளியே அழைத்துப் போகும்போது தம்பி என்-95 அணியட்டும், கட்டடப் பக்கம் வழியாகத் தள்ளிப்போக வேண்டாம் என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். வேலை நடக்கும் பக்கம் தரையிலிருந்து கூரை வரை தடுப்பு போட்டு, தண்ணீர் தெளித்து இடிப்பது நிர்வாகத்தின் கடமை.

கேள்வி: மாடித் தோட்டத்துச் செடிக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியால் மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகும் என்கிறார்களே? – வாசகி, லோதி ரோடு

பதில்: அடிப்படை உண்மை. டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்ற வேளாண் மருந்துகளும் மருத்துவமனையில் தரும் வோரிகோனசோலும் 'அசோல்' என்ற ஒரே குடும்பம். பூஞ்சையின் ஒரே நொதியைத் தாக்குகின்றன. மண்ணில் ஒன்றுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ், நுரையீரலில் மற்றதற்கும் பணியாது. டி.ஆர்.34/எல்98எச் என்ற மரபணு மாற்றம் கொண்ட அத்தகைய வகை நம் நாட்டுச் சுற்றுச்சூழல் மாதிரிகளில் இருப்பதை டெல்லி ஆய்வாளர்கள் 2012இலேயே வெளியிட்டார்கள். இதுவரை ஒருமுறைகூட அசோல் மாத்திரை சாப்பிடாத நோயாளிக்கும் முதல் நாளே மருந்து கேட்காமல் போவது இதனால்தான்.

நாலு தொட்டிக்கு நீங்கள் தெளிப்பது வயல்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. தேவையென்றால் அசோல் அல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள், மிச்சத்தை உரக்குழியில் கொட்டாதீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸுக்கு 50 டிகிரி சூடு பொருட்டே இல்லை. மற்றவை தவிக்கும் வெந்த உரக்குவியலில்தான் அது செழித்து வளரும். வீட்டில் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவரோ கீமோதெரபியில் இருப்பவரோ இருந்தால், அந்த உரத்தைக் கிளறும் வேலை அவருக்கு வேண்டாம். மற்றவர்கள் கிளறும்போதும் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு கிளறுங்கள்.